எங்கள் வீட்டு ஆயா

மாகறல்
9.3.2025

கீர்த்திக்கு,

நான் உயிரோடுதான் இருக்கிறேன். போனை அணைத்து அரிசி டிரம்மில் போட்டுவிட்டேன், அதனால்தான் மணி அடிக்கவில்லை. பக்கத்து வீட்டு ஷீபாவுக்குப் போன் செய்து "எங்க ஆயாவுக்கு இன்னா ஆச்சு" என்று கேட்டாயாம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனது எதுவென்று நானே என் கையால் எழுதுகிறேன். மூன்றாவது வரைக்கும்தான் படித்தேன், எழுத்து கோணலாக வரும், பொறுத்துப் படி. போனில் பேசினால் அதையும் பிடித்து வைத்து எவனுக்காவது விற்றுவிடுவாய். காகிதத்தில் என் குரல் வராது.

பொங்கலுக்கு வந்தபோது அடிபம்பு பக்கத்தில் என்னை உட்கார வைத்தாய். பானையின் அடியில் பிடித்த கரியை அந்தப் பாட்டில் சோப்புப் போட்டுத் தேய்க்கச் சொன்னாய். "ஆயா, எப்படி கீது?" என்று கேட்டாய். "நல்லா கீதும்மா, கை எரியல" என்றேன். எரியவில்லை, அதனால் சொன்னேன். கம்பெனிக்காரர்களுக்கு வீடியோ எடுத்துக் கொடுத்துத்தான் நீ பிழைக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அதில் எனக்குக் குறை இல்லை. பேத்திக்கு நாலு காசு வரட்டும் என்றுதான் அந்த வெயிலில் உட்கார்ந்தேன்.

போன வாரம் ஷீபா ஏனாத்தூர் காலேஜிலிருந்து வந்ததும் வராததுமாக ஓடிவந்தாள். "ஆயா, நீ போன்ல வர்ற, பாரு" என்று காட்டினாள். நான்தான். என் பானைதான். கீழே இங்கிலீஷில் என்னவோ ஓடியது. அது என்னவென்று கேட்டேன். மனதுக்குள் படித்துவிட்டு அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டது. நான் விடுவேனா. கடைசியில் சொன்னாள். "இருபது வருஷமா எங்க வூட்ல வேலை செய்ற அம்மாவே ஒத்துக்கினாங்க"ன்னு போட்டிருக்காம்.

என் வீட்டு வாசலில், என் பானையை, நான் கழுவினேன். அது எப்போது உன் வீடு ஆனது? நான் எப்போது உனக்கு வேலைக்காரி ஆனேன்?

அதை எடுக்கச் சொல். எடுக்கிற வரைக்கும் என்னை ஆயா என்று கூப்பிடாதே. எழுதவும் எழுதாதே.

முனியம்மாள்

தீபாவளிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் புடவையைப் பார்சலில் அனுப்பினாயே, அதுவும் மறக்கவில்லை. அது தனி.


சென்னை
17.3.2025

ஆயா,

வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. திட்டிக்கொள்.

அந்த வரியை நான் எழுதவில்லை. நான் வீடியோவை மட்டும்தான் எடுத்துக் கொடுப்பேன். அதன் மேல் எழுத்தும் பாட்டும் போடுவது கம்பெனிக்காரர்கள். அனுப்பும்போது அதற்கு 'ஆயா' என்று பெயர் வைத்து அனுப்பினேன். அதுதான் நான் செய்தது. அவர்கள் வடக்கே இருக்கிறார்கள். அங்கே ஆயா என்றால் குழந்தை பார்க்க, வீட்டு வேலை செய்ய வைத்துக்கொள்ளும் அம்மாவாம். நம் ஊரில் அம்மாவின் அம்மாவை அப்படிக் கூப்பிடுவார்கள் என்று அவர்களுக்கு யார் சொல்வது? அவர்களாகவே நினைத்துக்கொண்டு அவர்களாகவே எழுதிவிட்டார்கள். வெளியே வந்த பிறகுதான் நானும் பார்த்தேன். நீ இங்கிலீஷ் படிக்க மாட்டாய், உன் வரைக்கும் வராது என்று நினைத்து விட்டுவிட்டேன்.

எடுக்கச் சொல்ல முடியாது. ஒரு வருடத்துக்கு அதைப் போட்டுக்கொள்ள அவர்களுக்கு உரிமை கொடுத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதுவரை நான் எடுத்ததில் இதுதான் நன்றாக ஓடியிருக்கிறது. பெரிய கேமராவில் நடிகை வந்து சொன்னால் ஜனங்கள் தள்ளிவிட்டுப் போய்விடுகிறார்களாம். உன்னைப் போல ஒருத்தர் "கை எரியல" என்று சொன்னால் நின்று பார்க்கிறார்களாம். எனக்கு வேலை வாங்கித் தரும் ஏஜென்சியில் தேவயானி என்று ஒரு அக்கா இருக்கிறார். அவர் போன் செய்து, அதே அம்மாவை வைத்துத் தொடர்ச்சியாகச் செய்து கொடு, மாதச் சம்பளம் போல ஒப்பந்தம் போட்டுத் தருகிறேன் என்றார். இப்போது ஒவ்வொரு வீடியோவுக்கும் கெஞ்சி, அனுப்பி, திருத்தி, பணம் எப்போது வரும் என்று காத்திருக்கிறேன். மாதாமாதம் வந்தால் சமையலறை வைத்த வீடாகப் பார்ப்பேன். உன்னைக் கூட்டிக்கொண்டு வந்து என்னோடு வைத்துக்கொள்வேன். அதற்காகத்தான்.

ஒரு நாள் வருகிறேன். இரண்டு மூன்று எடுத்துக்கொள்ளலாம். போனை டிரம்மிலிருந்து எடு.

கீர்த்தி


மாகறல்
28.3.2025

கீர்த்திக்கு,

கடிதம் வந்தது. தண்டபாணி அதை வேண்டுமென்றே மூன்றாவது வீட்டில் கொடுத்துவிட்டுப் போனான். தபால்காரன் அவன் ஒருவன்தான் இருக்கிறான், அதனால் ஒன்றும் சொல்லவில்லை.

வடக்கே இருக்கிறவனுக்குத் தெரியாது. சரி, அவனை விட்டேன். 'உன் வரைக்கும் வராது என்று நினைத்தேன்' என்று எழுதியிருக்கிறாயே, அதை எழுதினது வடக்கே இருக்கிறவனா?

உனக்கு ஞாபகம் இருக்காது, நீ சின்னது. எனக்கு இருக்கிறது. உன் அம்மா போன பிறகு உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு காலை பஸ்ஸில் காஞ்சிபுரம் போவேன். ஒரு பெரிய வீட்டில் பாத்திரம், துணி, பிள்ளை பார்க்கிறது எல்லாம் நான்தான். பின்பக்கச் சந்து வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். எனக்கென்று ஒரு தம்ளர் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கவிழ்ந்திருக்கும். உன்னை அந்தக் கல்லுக்குப் பக்கத்திலேயே உட்கார வைப்பேன். அந்த வீட்டுப் பிள்ளைக்கும் உன் வயசு. அவனும் என்னை ஆயா என்றான், நீயும் ஆயா என்றாய். ஒருநாள் இரண்டு பேருக்கும் சண்டை. அவன் ஒரு கையைப் பிடித்துக்கொண்டு எங்க ஆயா என்கிறான், நீ இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு எங்க ஆயா என்கிறாய். அவன் அழுதான். உள்ளேயிருந்து அந்த அம்மாள் வந்தாள். மாம்பழ நிறப் புடவை, பச்சைக் கரை. என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"உன் பேத்திய வேற எதுனா சொல்லிக் கூப்டச் சொல்லு. எங்க புள்ள கொழம்பிப் போறான்."

நீ அழவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் என் முகத்தைத் திருப்பி, "அப்போ உன்ன நான் இன்னான்னு கூப்டுறது?" என்று கேட்டாய்.

மறுநாள் நான் அந்த வீட்டுக்குப் போகவில்லை. அந்த மாதச் சம்பளத்தை வாங்கவும் போகவில்லை. அதற்குப் பிறகு களை எடுத்தேன், நாற்று நட்டேன், செங்கல் சூளையில் கிடந்தேன், இப்போது நூறு நாள் வேலைக்குப் போகிறேன். ஆயா என்கிற ஒரு சொல்லை உனக்கு மட்டும் வைக்க வேண்டும் என்று அந்த வேலையை விட்டவள் நான். நீ அதை வீடியோவுக்குப் பேராக எழுதி அனுப்பிவிட்டாய்.

ஏரிக்கரை வேலையில் என்னோடு மண் அள்ளுகிற சின்னப்பையன் என்பவன் என்னைப் பார்த்து, "இன்னாம்மா, மெட்ராஸ்ல பேத்தி வூட்ல வேலைக்குச் சேந்துட்டியாமே, எங்களுக்கும் சொல்லக் கூடாதா" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் இன்னும் கேட்பார்கள்.

நீ கூட்டிக்கொண்டு போய் வைத்துக்கொள்கிற வீட்டில் நான் யார்? அதைச் சொல். அதுவரைக்கும் என் பெயரைப் போட்டு எழுது. முனியம்மாள். நீ போட்டுப் பார்த்ததே இல்லை.

முனியம்மாள்


சென்னை
10.4.2025

திருமதி முனியம்மாள் அவர்களுக்கு,

நீங்கள் எழுதியதைப் படித்தேன். அந்த வீடு எனக்கு ஞாபகம் இல்லை. துவைக்கிற கல் மட்டும் ஞாபகம் இருக்கிறது, சூடாக இருக்கும். அது எங்கே என்று இத்தனை நாள் தெரியாது.

தேவயானி அக்காவிடம் பேசினேன். அது என் சொந்தப் பாட்டி, எழுத்தை மாற்றச் சொல்லுங்கள் என்றேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பாட்டி சொன்னால் அது பாசம், வேலை செய்கிற அம்மா சொன்னால்தான் ஜனங்கள் நம்புவார்கள், ஏனென்றால் கை அவருடையது என்றார். அந்த வரிதான் விற்கிறது, அதைத் தொட முடியாது என்றார். பாட்டிக்கு இஷ்டமில்லை என்றால் கட்டாயம் இல்லை, வேறு ஒரு அம்மாவை வைத்து எடு, பெயர் மட்டும் ஆயா என்றே இருக்கட்டும், அந்தப் பெயர் பழகிவிட்டது என்றார். நான் மாட்டேன் என்றால் வேறு பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். யோசித்துச் சொல் என்று விட்டிருக்கிறார்.

நான் என்ன செய்யட்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

நான் இங்கே எப்படி இருக்கிறேன் என்று உங்களிடம் சொன்னதில்லை. ஒரே அறை. ஜன்னலைத் துணியால் அடைத்துவிட்டு வட்ட விளக்கைப் போட்டு, ஸ்டாண்டில் போனை மாட்டி அதனிடம் பேசுவேன். பக்கத்து அறைக்காரர் ஒருநாள் கதவைத் தட்டி, யாரோடும்மா சண்டை என்று கேட்டார். போன மாதம் ஒரு குழம்புப் பொடிக்கு எடுத்தேன். குடும்பமாகச் சாப்பிடுவது போல வேண்டும் என்றார்கள். நாலு தட்டு வைத்தேன். கை மட்டும்தான் தெரியும். ஒரு தட்டுக்கு வளையல் போட்டுக்கொண்டேன், ஒரு தட்டுக்குக் கைக்கடிகாரம், ஒரு தட்டுக்கு மோதிரம். தனித்தனியாக எடுத்து ஒட்டினேன். ரொம்ப இயல்பாக இருக்கிறது என்று பாராட்டி எழுதினார்கள். நாலு தட்டுச் சோற்றையும் மறுநாள் வரைக்கும் நானே சாப்பிட்டேன்.

இந்த ஒப்பந்தம் வராவிட்டால் இந்த அறையும் நிற்காது. உங்களிடம் கேட்க மாட்டேன். தகவலுக்காக எழுதுகிறேன்.

கீர்த்தி


மாகறல்
22.4.2025

கீர்த்திக்கு,

பெயரைப் போட்டு எழுதச் சொன்னேன். நீங்கள் என்று எழுதச் சொல்லவில்லை. அதைப் படிக்கும்போது யாரோ கவர்மென்ட்டிலிருந்து எழுதியிருக்கிறார்கள் என்று திரும்ப உறையைப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து வா போ என்று பேசின வாய், நான் கோபப்பட்டதும் மரியாதை கற்றுக்கொண்டதா?

என்ன செய்யட்டும் என்று கேட்டிருக்கிறாய். சொல்ல மாட்டேன். வேண்டாம் என்று சொன்னால், நீ பட்டினி கிடக்கிற அன்றைக்கு அது என்னால் ஆகும். செய் என்று சொன்னால், இத்தனை நாள் நான் எழுதினது பொய் ஆகும். நீ வளர்ந்த பெண். நீயே பார்.

நாலு தட்டு விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு தட்டில் சாப்பிட்டிருந்தால் ஒருத்தி சாப்பிட்டாள் என்று இருந்திருக்கும்.

இங்கே ஒன்றும் இல்லை. ஆற்றில் தண்ணீர் இல்லை. பொழுது போனால் ஷீபா வீட்டு டிவி சத்தம் சுவர் வழியாக வருகிறது. அதில் பேசுகிறவர்கள் எல்லாரும் எனக்குத் தெரிந்தவர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள், முகம் மட்டும் தெரியாது. ஒரு ஆளுக்கு உலை வைக்கிறது பேஜார். காலையில் வடித்ததுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்து அதையே சாப்பிடுகிறேன்.

எழுதக் கூடாது என்று நினைத்தேன், எழுதிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை ஷீபா சர்ச்சுக்குப் போய் வந்ததும், அந்த வீடியோவைத் திரும்பப் போடு என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். என் மூஞ்சியைப் பார்க்கக் கேட்கவில்லை. நீ "எப்படி கீது" என்று கேட்ட இடம் இருக்குமே, அது வருமா என்று பார்த்தேன். அந்த இடத்தில் பாட்டைப் போட்டு மூடியிருக்கிறார்கள். நான் யாருக்கோ பதில் சொல்கிறேன், கேட்டவள் இல்லை.

போன் இன்னும் டிரம்மில்தான் இருக்கிறது.

முனியம்மாள்


சென்னை
19.5.2025

மேலே என்ன போடுவது என்று தெரியவில்லை, அதனால் ஒன்றும் போடவில்லை.

எடுத்துக் கொடுத்துவிட்டேன். வேறு யாராவது சொல்லி உனக்குத் தெரிவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கட்டடத்தில் மாடிப்படி துடைக்க ஒரு அம்மா வருவார். உன் வயசு இருக்கும், உன்னை விட ஒல்லி. ஒருநாள் வேலை முடிந்து கீழே இறங்கும்போது கேட்டேன். வீடியோவா, எனக்கு ஒன்றும் தெரியாதே என்றார். பாத்திரம் கழுவினால் போதும் என்றேன். அதற்கென்ன, கழுவுறேன் என்று உள்ளே வந்தார்.

என் அறையில் பாத்திரம் கழுவ இடம் இல்லை என்பதால் தேவயானி அக்கா ஒரு சமையலறையை வாடகைக்கு எடுத்திருந்தார். ஆட்டோவில் போனோம். வழியெல்லாம் அந்த அம்மா மடியில் கையை வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் சொன்னபடி நின்றார். பாட்டில் லேபிள் தெரிகிற மாதிரி பிடிக்கச் சொன்னேன், பிடித்தார். அவர் கையில் ரேகையெல்லாம் வெடித்திருக்கிறது, தரை துடைக்கும் மருந்து அரித்தது. அந்த வெடிப்பில் சோப்பு பட்டால் யாருக்கும் எரியும். நான் கேமராவுக்குப் பின்னால் நின்று, "ஆயா, எப்படி கீது?" என்று கேட்டேன்.

அவர் கையைத் தண்ணீரில் வைத்துக்கொண்டே, "நல்லா கீதும்மா, கை எரியல" என்றார். சொல்லிக் கொடுத்ததைச் சொன்னார். நான் திரும்ப ஒருமுறை எடுக்கலாம் என்று நினைத்தேன். தேவயானி அக்கா வேண்டாம், இதுவே ஓகே என்றார். முதல் தடவையே எனக்கு ஆயா என்கிற அந்தச் சொல் வந்துவிட்டது. வராது என்று நினைத்திருந்தேன். வந்துவிட்டது.

அன்றைக்கே இரண்டு எடுத்தோம். ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. முன்பணமும் வந்துவிட்டது. மேடவாக்கத்தில் ஒரு வீடு பார்த்திருக்கிறேன். தனிச் சமையலறை, கிழக்குப் பக்கம் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே ஒரு முருங்கை மரம். உனக்குப் படுக்கக் கூடத்தில் காற்று வரும். கழிவறை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது, இராத்திரி வெளியே போக வேண்டாம். வீட்டுக்காரர் இந்த மாதக் கடைசிக்குள் சொல்லச் சொன்னார்.

அந்த வீட்டில் நீ யார் என்று கேட்டிருந்தாய். நீ வந்தால்தான் நான் சொல்ல முடியும்.

கீர்த்தி


மாகறல்
2.6.2025

கீர்த்திக்கு,

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். பிறகு கண் சரியில்லையோ என்று ஷீபாவைக் கூப்பிட்டு அவளையும் படிக்கச் சொன்னேன்.

ஜன்னல் கிழக்குப் பக்கம் என்று எழுதியிருக்கிறாய். முருங்கை மரம் எழுதியிருக்கிறாய். ஆட்டோவில் அந்த அம்மாள் எங்கே பார்த்தாள், கையில் எங்கே வெடித்திருக்கிறது, எல்லாம் எழுதியிருக்கிறாய். நல்ல கண் உனக்கு. அந்தக் கண்ணுக்குத்தான் காசு கொடுக்கிறார்கள் போல.

அந்த அம்மாள் பெயர் எங்கேயும் இல்லை.

சாப்பிட ஏதாவது கொடுத்தாயா என்று கேட்க மாட்டேன். கொடுத்திருப்பாய், நான் வளர்த்தவள். கூலி கொடுத்தாயா என்றும் கேட்கவில்லை. அதை அந்தப் பெரிய வீட்டு அம்மாள்கூடக் கொடுத்தாள், கையில் படாமல் மேலேயிருந்து போடுவாள், ஆனால் கொடுத்தாள். என் பெயர் அவளுக்குத் தெரியாது. அத்தனை வருஷமும் கேட்கவில்லை. நான் அவளை இன்னும் விடவில்லை, சாகிற வரைக்கும் விட மாட்டேன். உன்னை அந்த வரிசையில் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

நீ அந்த அம்மாளை ஆயா என்று கூப்பிட்டதற்கு எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வந்தது, ஒரு பகல் இருந்தது, போய்விட்டது.

பெயரைக் கேட்டு எழுது. அதற்குப் பிறகு வீட்டைப் பற்றிப் பேசலாம்.

முனியம்மாள்


சென்னை
14.6.2025

உன் கடிதம் வந்து சில நாள் ஆகிறது. படி துடைக்கிற அந்த அம்மா வேலைக்கு வராமல் இருந்தார், காய்ச்சலாம். நேற்றுதான் வந்தார்.

அதற்கு முன்பே தேவயானி அக்காவிடம் மிச்ச வீடியோக்களுக்கு வேறு ஆள் பார்க்கச் சொல்லிவிட்டேன். எழுத்தில் பாட்டி என்று போட்டாலும் மாட்டேன், யாரையும் அந்தப் பெயரில் கூப்பிட மாட்டேன் என்றேன். அவர் வருத்தப்பட்டார், நீ நன்றாக வந்திருப்பாய் என்றார். முன்பணத்தில் மீதியைத் திருப்பிக் கொடுத்தேன். மேடவாக்கம் வீட்டை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். குழம்புப் பொடிக்காரர்கள் திரும்பக் கேட்டிருக்கிறார்கள், ஒருத்தி தனியாகச் சமைத்துச் சாப்பிடுவது போல எடுத்துத் தரட்டுமா என்று எழுதிப் போட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. இந்த மாதம் எப்படிப் போகும் என்று தெரியவில்லை. உன்னை இங்கே கூப்பிட எனக்கு இடம் இல்லை. நான் அங்கே வரலாமா என்று கேட்கவும் தைரியம் வரவில்லை.

அந்த அம்மாவின் பெயர் ஆண்டாளம்மாள்.

அதைத் தெரிந்துகொள்ள ரொம்ப நேரம் ஆனது. அவர் இரண்டாவது மாடிப் படியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் மேல் படியில் நின்று, "உங்க பேர் இன்னா?" என்று கேட்டேன். இந்தக் கட்டடத்தில் குடியிருப்போர் சங்கத்துக்குப் புகார் எழுதுகிறவர்கள்தான் வேலை செய்கிறவர்களின் பெயரைக் கேட்பார்களாம், அவரே பிறகு சொன்னார். அது எனக்கு அப்போது தெரியாது. அவர் மாப்பைச் சுவரோரம் சாய்த்து வைத்தார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். என்னை நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்:

"நான் இன்னா தப்பு பண்ணிட்டேன், பாப்பா?"

கீர்த்தி